கோடு போடாத மொய்

ஆலங்குடி

அன்புள்ள மல்லிகா,

நாங்கள் எல்லோரும் நலம். நீ, அண்ணன், பிள்ளைகள் எப்படி இருக்கிறீர்கள்? கோத்தகிரியில் மழை என்று செய்தியில் பார்த்தேன். இங்கே ஆடி முடியப்போகிறது, ஒரு தூறல்கூட இல்லை. நம்மோடு படித்த பிச்சை பேரனுக்குக் காது குத்துகிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிலோனுக்குக் கப்பலேறிய உன் மாமியார் வீட்டு ஆட்களின் சொந்த ஊர் கிடைத்துவிட்டதுடி.

அவரைக் கேட்டால் என்ன சொல்வார்? "கண்மாய்க்கரையில ஐயனாரு, அதுக்கு அந்தாண்ட பனங்காடு." அவரே பார்த்த ஊரில்லை, மாமனார் சொல்லிக் கேட்டது. புதுக்கோட்டைச் சீமையில் ஐயனாரும் கண்மாயும் பனையும் இல்லாத ஊர் எது? அண்ணனும் ஒவ்வொரு முறை வரும்போதும் ஊர் ஊராக விசாரித்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

தம்பி பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறான். அப்பாவின் டிரங்குப் பெட்டியை என்னிடம் கொடுத்தான். உள்ளே மொய் நோட்டுகள். அடியில் பெரிய அத்தை கல்யாணத்து நோட்டு, ஓரமெல்லாம் செல்லரித்தது. மேலே பிள்ளையார் சுழி. கீழே ஊர், பெயர், தகப்பனார் பெயர், ரூபாய். திருப்பிச் செய்த மொய்க்கெல்லாம் தாத்தா குறுக்கே ஒரு கோடு இழுத்திருக்கிறார். ஒரு வரியில் மட்டும் கோடு இல்லை. "கண்டி" என்று எழுதி, உன் மாமியாருடைய மாமனார் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், ரூ. 2. ஊர் எது தெரியுமா? பிச்சை தினமும் பள்ளிக்கூடம் வந்தானே, அதே ஊர்!

தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ஊருக்கு வந்த இடத்தில் கல்யாணத்துக்கும் வந்து மொய் எழுதியிருக்கிறார் போல. அதன்பிறகு அவர் வீட்டு விசேஷம் எதுவும் இங்கே நடக்கவில்லை, தாத்தாவால் திருப்பிச் செய்ய முடியவில்லை. ஆக, எங்கள் வீடு உங்கள் வீட்டுக்கு மொய் பாக்கி. உன் மகள் கல்யாணத்தில் அதைச் செய்யாமல் விடமாட்டேன்.

ஆனால் மல்லிகா, அந்த வரியைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறொன்று மனசைப் போட்டு அரிக்கிறது. நம் மாவட்டத்தைப்போல எழுத்து கிடைக்கிற இடம் குறைவு. சமஸ்தானத்துக் கல்வெட்டுகளை 1929-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார்கள். திருக்கோகர்ணத்து மியூசியம் 1910-லிருந்து இருக்கிறது. ஞானாலயா நூலகத்துக்குப் போனால் கிடைக்காத பழைய புத்தகம் இல்லை. நகரத்தார் வீடுகளில் கல்யாணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும், அங்கே ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், கூடும், கணக்கில் ஏறும். கத்தோலிக்கர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பா அம்மாவோடு ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். நிலம் இருந்தவனுக்குப் பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, கிராம அலுவலகத்து அ-பதிவேடு இருக்கிறது.

நிலமில்லாமல் கூலிக்குக் கப்பலேறியவருக்கு என்ன இருக்கிறது? தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போன கங்காணியின் கடன் கணக்கில் ஒரு பெயர். ஒரு காலத்தில் கழுத்தில் கட்டிவிட்ட தகரத் துண்டில் எண்தான், பெயர்கூட இல்லை. மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்கு நிறுத்திவைக்கப்பட்ட கூட்டத்தில் ஒரு தலை. பிறகு 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 5,25,000 பேர் என்று இந்திய, இலங்கை அரசாங்கங்கள் பிரித்துக்கொண்டபோது அந்தக் கணக்கில் ஓர் ஆள். மலையில் பிறந்து வளர்ந்தவர்களைத் தாய்நாடு திரும்புகிறவர்கள் என்று சொல்லி, அதே மண்டபத்தில் கொண்டுவந்து இறக்கி, மறுபடியும் தேயிலைக்கே, உங்கள் நீலகிரிக்கு, அனுப்பினார்கள். சொந்த ஊர் எங்கே என்று கேட்டால் அவர்கள் எந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவார்கள்? ராஜாவுக்கும் கோயிலுக்கு நிலம் கொடுத்தவனுக்கும் கல்லில் பெயர் இருக்கிறது. உன் மாமனாரின் அப்பாவுக்கு, அவர் தன் கையால் கொடுத்த இரண்டு ரூபாய்தான் சாட்சி.

அந்தச் சாட்சியும் எத்தனை நாளைக்கு? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கட்டுக்கட்டாக மொய் நோட்டைப் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். "எல்லா மொய்யும் செஞ்சாச்சு, இனி எதுக்கு?" என்கிறார்கள். இப்போது விசேஷ வீடுகளில் கம்ப்யூட்டர் மொய் வேறு. கையில் கொடுக்கிற அந்த வழவழப்பான ரசீதில் எழுத்து கொஞ்ச நாளில் மங்கிப்போகிறது. நான் வீடு வீடாகப் போய்ப் பழைய நோட்டுகளைப் போனில் படமெடுக்க ஆரம்பித்திருக்கிறேன். சிலர் தயங்குகிறார்கள், யார் எவ்வளவு செய்தார்கள் என்று வெளியே தெரிந்துவிடுமாம். அவர்களிடம் தொகையைக் காகிதத்தால் மறைத்துக்கொள்ளச் சொல்கிறேன், எனக்குப் பெயரும் ஊரும் போதும். சரோஜா டீச்சரும் கூட வருகிறார், நடக்கிற வேகத்துக்கு நான்தான் ஓட வேண்டியிருக்கிறது.

நீ செய்ய வேண்டியது இதுதான். மாமியார் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேள். அவருடைய மாமனாரோடு கப்பலேறியவர்கள் யார், எந்தத் தோட்டம், கங்காணி எந்த ஊர்க்காரர், குலசாமி பெயர் என்ன? அம்மாவழிப் பெயர்களையும் கேள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சொல்வதை அப்படியே போனில் பதிந்துகொள். சிலோனிலிருந்து வரும்போது கொண்டுவந்த குடும்ப அட்டை பீரோவில் இருக்கிறது என்று அண்ணன் முன்பு சொன்னாரே, அதைப் படமெடுத்து அனுப்பச் சொல், பின்பக்கத்தையும் சேர்த்து. நோட்டில் அதே ஊர்க்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அட்டை வந்தால் அந்தப் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிச்சையைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போய் விசாரிக்கிறேன்.

உன்,
செல்வி