ஏழு மாமாங்கம் பார்த்த அம்மா

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன்னோடு பேசி ஒரு மாமாங்கம் ஆகிவிட்டது என்று தொடங்கப் போனேன், அந்தச் சொல்லிலேயே கை நின்றுவிட்டது. அம்மா போய்விட்டாள். போன ஐப்பசியில், விடாமல் மழை பெய்த ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே. 87 வயது. கல்யாணச் சாவு என்றுதான் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன் என்று பதினோரு பேர் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் டிகாக்‌ஷன் வாசனை இல்லாமல் இந்த வீடு விடிகிறது, அதுதான் இன்னும் பழகவில்லை.

அம்மாவுக்கு வருஷக் கணக்கு வராது, உனக்கே தெரியும். எதைக் கேட்டாலும் மாமாங்கக் கணக்குதான், ஏறக்குறைய பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பகோணத்தில் வருகிற மகாமகத்தை வைத்து. 1945 மாமாங்கத்துக்குப் பட்டீஸ்வரத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்து, தாத்தா தோளில் உட்கார்ந்து குளத்தைப் பார்த்தவள். 1956-ல் இதே கும்பகோணத்தில், இதே வீட்டில் புதுப்பெண். 1968-ல் நான் அவள் இடுப்பில். குளத்துக்குள் இருக்கும் இருபது கிணற்றில் பாதியில்கூடத் தலை நனைக்கவில்லை, நீ அழுத அழுகையில் திரும்பி வந்துவிட்டேன் என்று எனக்குப் பேத்தி பிறந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்!

1980 உனக்கு நினைவிருக்கிறதா? நாற்பது பேராவது இருந்திருப்போம். திண்ணை, நடை, கூடம், முற்றத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பாயும் ஜமுக்காளமும். ராத்திரி இரண்டு மணிக்கே அம்மா அடுப்பு மூட்டிவிட்டாள். அண்டாவில் இட்லி, பெரிய தவலையில் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து, தேங்காயும் கசகசாவும் சோம்பும் அரைத்து ஊற்றிக் கொதிக்கிற அந்த வாசனையில்தான் நாம் இருவரும் எழுந்தோம். தொலைந்து போகக் கூடாது என்று உன் கையையும் என் கையையும் ஒரே துண்டால் கட்டி அனுப்பினாள். மகாமகக் குளம், அப்புறம் பொற்றாமரைக் குளம், அப்புறம் காவிரி என்று மூன்றும் முடித்துத் திரும்பும்வரை நீ அந்தத் துண்டை அவிழ்க்கவே இல்லை. அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்கும் இலை போட்டாள். இவர்கள் யார் என்று நான் கேட்டதற்கு, "முதல்ல காப்பி குடு, அப்புறம் யாருன்னு கேளு" என்றாள். அவர்கள் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் தைப்பொங்கலுக்குக் கார்டு போட்டார்கள்.

1992-ஐப் பற்றி மட்டும் அம்மா அதிகம் பேச மாட்டாள். அந்த நெரிசலில் ஏறக்குறைய ஐம்பது பேர் செத்துப்போன நாளில் எங்கள் வீட்டிலிருந்து போன எல்லோரும் திரும்பி வரும்வரை வாசற்படியிலேயே நின்றாள். கடைசி ஆள் உள்ளே வந்ததும் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். தினமும் தூங்கப் போகும் முன் வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று எண்ணும் பழக்கம் அன்றைக்குத்தான் வந்தது என்று அண்ணன் சொல்கிறான். எனக்கு என்னவோ அது புதுப்பெண்ணாய் வந்த நாளிலிருந்தே இருந்தது என்றுதான் தோன்றுகிறது.

2004-ல் பேரப்பிள்ளைகளோடு போனாள். 2016-ல் முட்டி வலி, குளத்துக்குப் போக முடியவில்லை. பெரிய பேரன் செம்பில் கொண்டுவந்த தண்ணீரை முற்றத்தில் உட்காரவைத்துத் தலையில் ஊற்றினோம். அதற்கே சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். குறை என்று ஒரு வார்த்தை கிடையாது. அன்று சாயங்காலமே கூடத்தில் சாக்கட்டியால் கட்டம் போட்டுப் பிள்ளைகளோடு தாயம் ஆடினாள். தாயம் விழுந்துவிட்டால் அவள் போடும் கூச்சல் தெருமுனை வரை கேட்கும்.

கடைசி ராத்திரி, தீபாவளிக்கு வந்தவர்கள் மழையால் ஊருக்குக் கிளம்பாமல் தங்கிவிட்டார்கள். "எத்தனை பேர் இருக்கோம்?" என்று கேட்டாள். இருபத்து மூன்று என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "காப்பிப் பொடி பத்துமா?" என்றாள். பத்தும் அம்மா என்றேன். சரி என்று திரும்பிப் படுத்தாள். எனக்கும் அவளுக்கும் கடைசிப் பேச்சு அதுதான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று முதலில் அழுதேன், இப்போது அப்படி நினைப்பதில்லை.

அடுத்த மாமாங்கம் 2028-ல். போன ஆடியிலேயே அதற்கு யார் எங்கே படுப்பது என்று அம்மா சொல்லி முடித்துவிட்டாள். வயதானவர்களுக்குக் கூடம், பையன்களுக்கு மாடி. உனக்கு முற்றத்தை ஒட்டிய இடம், உனக்குக் காற்று வேண்டும் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. கண்டிப்பாக வந்துவிடு. அந்தத் தவலையை ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் சிநேகிதி