போர்வைக்குள் இருப்பது நீ இல்லை, மாப்ளே

மாப்ளே,

படத்தை முடித்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் வேறு ஆளை வைத்து எடுத்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், இல்லை பதிலே வந்திருக்காது. நீ ஏன் பாதியில் போனாய் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நம் இரண்டு வீட்டு ஆட்களும் இதைப் படிப்பார்கள்.

அமெரிக்க டைரக்டர் எட் வுட் செய்ததைத்தான் நானும் செய்தேன். அவருடைய 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தை எனக்குக் காட்டியதே நீதான். 1956 ஆகஸ்டில் பழைய டிராகுலா நடிகர் பெலா லுகோசி இறந்தபோது, அவரை வைத்து எடுத்த கொஞ்சம் ஊமை ஃபிலிம்தான் வுட்டின் கையில் இருந்தது. கிழவர் வீட்டைவிட்டு வெளியே வருகிறார், ஒரு பூவைப் பறிக்கிறார். அதைத் தூக்கிப்போட மனசு வராமல், வுட் அதைச் சுற்றிப் பறக்கும் தட்டுக் கதை ஒன்றைக் கட்டினார். மிச்சக் காட்சிகளுக்கு மனைவியின் முதுகு வைத்தியர் டாம் மேசனைக் கூட்டிவந்து, அங்கியால் முகத்தை மறைத்தபடி நடக்கவிட்டார். மேசன் லுகோசியைவிட உயரம்; பார்க்கிற யாருக்கும் தெரிந்துவிடும். 1980இல் உலகத்திலேயே மோசமான படம் என்று பட்டம் கட்டிச் சிரித்தார்கள். அதற்குள் வுட் செத்துப்போயிருந்தார், 1978இல், குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சில நாட்களிலேயே. எனக்கு அந்த அங்கியைப் பார்த்துச் சிரிப்பே வந்ததில்லை.

லுகோசி இறந்துபோனார், சரி. உனக்கு என்ன? வாட்ஸாப்பில் நீல டிக் விழுகிறதே.

அந்த மொட்டைமாடி ராத்திரியை வெட்டவே முடியவில்லை, மாப்ளே. இரண்டு எவர்சில்வர் தட்டுகளைக் கவிழ்த்து ஒட்டிய நம் விண்கலம் தூண்டில் நரம்பில் தொங்குகிறது. நரம்பு வெளிச்சத்தில் பளபளத்ததும் கீழே ஓடிப்போய் அக்காவின் கண்மையை எடுத்துவந்து, முழ முழமாகத் தடவினாய். விரலெல்லாம் கறுப்பு. அப்புறம் தட்டின் அடியில் நின்று அதிலிருப்பவர்களின் மனசைக் கேட்க ஆரம்பித்தாய். கரண்ட் போனது. நான் கட் சொல்லவில்லை, நீயும் நிறுத்தவில்லை. தெருவில் போன ஏதோ வண்டியின் வெளிச்சம் ஒருமுறை உன் முகத்தில் ஏறி இறங்கியது. உனக்கு நிஜமாகவே எதுவோ கேட்கிறது என்று அந்த நொடி நம்பினேன். இப்போது எடிட்டிங்கில் பார்க்கும்போதும் நம்புகிறேன். அப்படி நடிக்கத் தெரிந்தவன் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

மிச்சக் காட்சிகளில் பக்கத்து வீட்டுத் தம்பி கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு முதுகைக் காட்டி நடக்கிறான். உன்னைவிட உயரம். கண்டுபிடித்துவிடுவார்கள், பரவாயில்லை. டைட்டிலில் உன் பெயர்தான் முதலில். அவனிடம் சொல்லிவிட்டேன், அவனுக்கு வருத்தமில்லை.

டப்பிங் ஒன்றுதான் பாக்கி. நம் ஆள் படம் முழுக்க மைண்ட் வாய்ஸில்தான் பேசுகிறான், உதடு அசையவே வேண்டாம். அந்தப் பக்கங்களை உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஃபோனிலேயே பேசி அனுப்பு, போதும். என்னோடு பேச வேண்டும் என்றில்லை. அனுப்பாவிட்டால் அந்த இடங்கள் சத்தமில்லாமல் போகட்டும். வேறொருத்தன் குரலை உன் முகத்தில் வைக்கமாட்டேன்.