கைமடிப் பெண்ணும் ஒரு தலையங்க வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வியட்நாம் தொழிலாளியின் உற்பத்தித் திறனை நம்மவர் எட்டாததற்கு உழைப்பில் காட்டும் அலட்சியமே காரணம் என்று சென்ற வாரத் தலையங்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பனியன் தொழிலில் 31 ஆண்டுகள், முதலில் துணித் துண்டுகளை ஓரம் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மிஷின் டெய்லராகவும் பிறகு லைன் சூப்பர்வைசராகவும் காலம் தள்ளியவன் என்பதால் அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

அதில் 4 ஆண்டுகள் மொரீஷியஸில் இருந்தேன். திருப்பூரில் நாளொன்றுக்கு 400 பனியனுக்கு ஷோல்டர் (தோள் பகுதி) தைத்த இதே கைகள் அங்கே போன இரண்டாம் மாதமே 700ஐத் தொட்டன. அலட்சியத்தைக் கோவை விமான நிலையத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போனேன் என்று தாங்கள் கருதக்கூடும். அங்கே வெட்டிய துணி, எண் போட்ட கட்டுகளாக மிஷின் பக்கத்திலேயே காத்திருக்கும். ஊசி உடைந்தால் கூப்பிடு தூரத்தில் மெக்கானிக் இருப்பார். இங்கோ முன்துண்டு வந்தால் பின்துண்டு வராது, இரண்டும் வந்தால் சாயம் ஒத்துப்போகாது. காலை பத்து மணி வரை நானும், துணியை மடித்துக் கொடுத்து டெய்லருக்குத் துணை நிற்கும் கைமடிப் பெண்ணும் வெறும் மிஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் எத்தனையோ. தைத்த எண்ணிக்கைக்கு மட்டும் கூலி தரும் பீஸ் ரேட் என்பதால் அந்த நேரத்துக்கு எங்களுக்குக் கூலியும் கிடையாது.

மும்பையை அடுத்த நெசவாலைகளில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக, உலக வங்கி ஆய்வாளர்கள் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். பழுதுகளைக் குறித்துவைப்பது, கையிருப்பை எண்ணி அடுக்குவது போன்ற நிர்வாக முறைகளைத் திருத்தியதில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. திருத்தப்பட்டது நிர்வாகம்தான், நெசவாளியின் குணம் அல்ல.

பங்களாதேஷ் ஏற்றுமதியில் முந்தியதையும் அதே தலையங்கத்தில் நம்மவர் அலட்சியக் கணக்கில் எழுதிவிட்டீர்கள். 2001 முதல் அவர்கள் பனியன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியின்றி நுழைந்தது. நம்முடையது 9 சதவீதத்துக்கு மேல் வரி கட்டி நின்றது. இதில் டெய்லரின் அலட்சியம் எங்கே வருகிறது? 2012இல் பாதி நாள் கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டர் புகையில் தைத்தபோது இதே வாசகர் கடிதப் பகுதிக்கு எழுதினேன், பிரசுரமாகவில்லை. போகட்டும். ஆனால் ஏற்றுமதி கூடிய ஆண்டில் முதலாளிகளின் படங்களோடு தாங்கள் போட்ட சிறப்பு மலரில் ஒரு டெய்லரின் முகம்கூட இல்லை. அலட்சியம் என்று வரும்போது மட்டும் எங்கள் நினைவு வருகிறது.

நாட்டின் சராசரியைச் சொல்லும்போது, உழைப்போரில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் வேளாண்மையில் இருந்தும் மொத்த மதிப்புக் கூட்டலில், அதாவது நாட்டின் எல்லாத் துறைகளும் சேர்ந்து உருவாக்கும் மதிப்பில், அத்துறையின் பங்கு 18 சதவீத அளவில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். பல்லடம் பக்கம் இரண்டு ஏக்கர் சோளத்துக்கு என் தம்பி நடுச்சாமத்தில் எழுந்து மோட்டார் போடுகிறான். மழை பொய்த்தால் அவன் உற்பத்தித் திறன் பூஜ்ஜியம். அவனையும் அலட்சியக்காரர் பட்டியலில்தான் வைத்திருக்கிறீர்களா?

தலையங்கத்தைத் திரும்பப் பெறும்படி கேட்கும் தகுதி எனக்கில்லை. இனி நாடுகளை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது, அது ஆளுக்குக் கணக்கிட்டதா, மணிக்குக் கணக்கிட்டதா, டாலர் மதிப்பிலா, பீஸ் எண்ணிக்கையிலா என்று அடியில் ஒரு வரி மட்டும் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன் சூப்பர்வைசர்,
திருப்பூர்.