யாரிடம் கேட்பது என்று தெரியவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, பறி என்னும் மீன்கூடையைப் பல்லால் கடித்தபடி சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களுக்கு, இப்போது பல இடங்களில் விரலைக் கிழிக்கும் காக்கா ஆழிதான் அகப்படுகிறது. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த அந்த அயல் சிப்பி, மெத்தைபோல் படர்ந்து இறால் தங்கும் சேற்றையே மூடிவிடுகிறது. இதைக் கடல் உயிரியலாளர் ஆராயவேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியதை நிலத்தடி நீரியல் கற்றவர் சொல்லவேண்டும். 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் பரவிய எண்ணெய், அடிச்சேற்றுப் படிவுகளில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது புவிவேதியியலாளரின் வேலை. மூன்றும் வேறு வேறு துறைகள்.

இத்துறைகளில் தேர்ந்த பேராசிரியர்கள் கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்திலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரைத் தலைப்புகளாகவே இருக்கின்றன. எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஒரு கல்லூரிக்குப் போன என்னை, துறை துறையாக அனுப்பி, மாலையில் அதே பாட்டிலோடு திருப்பி அனுப்பினார்கள். (பேருந்துக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

எந்த ஆசிரியர் எதை ஆராய்கிறார், எந்த இடத்தில் மாதிரி எடுத்தார், பொதுமக்கள் எந்த நாளில் அணுகலாம் என்று தமிழில் ஒரு கையேடு தயாரித்து, வட சென்னையின் கிளை நூலகங்களிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிலும் வைக்கப் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், எண்ணூர், சென்னை