வாழைப்பழ மணம் ஏன் தொண்டையைப் பிடிக்கிறது

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் உனக்குப் பிடித்த வாசனைகளின் பட்டியலும் வந்து சேர்ந்தன. ஐசோஅமைல் அசிட்டேட்டுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறாய். ஆனால் நீயே தயாரித்தது வாழைப்பழமாக மணப்பதோடு தொண்டையையும் பிடிக்கிறது, இருமல் வருகிறது, கடையில் வாங்கிய புட்டியில் அந்தத் தொல்லை இல்லை, ஏன் என்று கேட்டிருக்கிறாய். முதலில் அதற்குப் பதில் எழுதுகிறேன்.

தொண்டையைப் பிடிப்பது எஸ்டர் இல்லை, அதாவது ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் அந்த அசிட்டேட் இல்லை. வினைபுரியாமல் தங்கிவிட்ட ஐசோஅமைல் ஆல்கஹால்தான் அந்த வேலையைச் செய்கிறது. அது 131–132 டிகிரியில் கொதிக்கும், எஸ்டர் 142 டிகிரியில் கொதிக்கும். பத்தே டிகிரி வித்தியாசத்தைச் சாதாரண வடிகுழாய் பிரித்துத் தராது. காய்ச்சி வடிக்கும்போது ஒதுக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் கடைசிவரை அது கூடவே வரும். ஆகவே அதை வினையிலேயே முடிந்தவரை தீர்த்துவிட வேண்டும்.

உன் குறிப்பில் ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் மோல் கணக்கில், அதாவது மூலக்கூறு எண்ணிக்கையில், சமமாக இருக்கின்றன. வினை எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று சொல்லும் சமநிலை மாறிலி இதற்கு ஏறக்குறைய 4. அந்தக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குதான் எஸ்டராகும், மீதி ஒரு பங்கு ஆல்கஹால் அப்படியே நிற்கும். அமிலத்தை இரண்டரை மடங்காக்கினால் ஆல்கஹாலில் நூற்றுக்கு 88 வரை எஸ்டராகிவிடும். மிஞ்சிய அமிலத்தைச் சோடாக் கரைசல் சுலபமாகக் கழுவிவிடும். மிஞ்சிய ஆல்கஹாலோ தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும், எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது.

ஐசோஅமைல் ஆல்கஹால் 15 மி.லி., தண்ணீர் கலக்காத அசிட்டிக் அமிலம் 20 மி.லி. எடுத்துக்கொள். உருண்டைக் குடுவையில் இரண்டையும் ஊற்றி, குலுக்கிக்கொண்டே அடர் கந்தக அமிலம் 4 மி.லி. சிறிது சிறிதாகச் சேர். குடுவை சூடாகும், அவசரப்படாதே. ஒரேயடியாக ஊற்றினால் ஊற்றிய இடத்தில் கரிந்து கலவை பழுப்பாகிவிடும். உடைந்த பீங்கான் துண்டு இரண்டைப் போட்டு, குளிர்குழாயை நேராக மேலே பொருத்தி ஒரு மணி நேரம் கொதிக்கவிடு. ஆறியதும் பிரிபுனலில் 50 மி.லி. குளிர்ந்த தண்ணீரோடு சேர்த்துக் கழுவு. எஸ்டரின் அடர்த்தி 0.87 சொச்சம் என்பதால் அது மேலே நிற்கும்.

அடுத்து 5 விழுக்காடு சோடியம் பைகார்பனேட் கரைசல், தடவைக்கு 25 மி.லி. அதிகம் பேர் அவசரப்படும் இடம் இது. நுரை பொங்கும்போது மூடியைப் போட்டுக் குலுக்கினால் உள்ளே வாயு சேர்ந்து மூடி எகிறும். முதலில் மூடாமல் சுழற்றிக் கலக்கு. நுரை அடங்கிய பிறகு மூடி, மெதுவாகக் கவிழ்த்து, குழாய்த் திருகைத் திறந்து வாயுவை வெளியே விடு. லிட்மஸ் தாள் நீலமாகவே நிற்கும்வரை புதுக் கரைசலோடு திரும்பச் செய். கடைசியில் ஒருமுறை உப்புக் கரைசலால் கழுவி, நீரற்ற சோடியம் சல்பேட் 2 கிராம் போட்டுக் கால் மணி நேரம் வை. உப்பு கட்டியாகாமல் மணல் மாதிரி உதிரியாக ஓடினால் ஈரம் போய்விட்டது. கட்டியானால் இன்னும் ஒரு கிராம் போடு. ஈரத்தோடு வடித்தால் தண்ணீரும் எஸ்டரும் கூட்டாக 100 டிகிரிக்குக் கீழேயே கலங்கலாக வரத் தொடங்கும், அவ்வளவும் வீண்.

வடிக்கும்போது முள் பதித்த விக்ரோ குழாயைக் குடுவைமேல் வைத்து, இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள். 139 டிகிரிவரை வருவதைத் தனிப் புட்டியில் பிடித்து அடுத்த தடவைக்கு வை. 139-இலிருந்து 142 வரை வருவதுதான் முகர வேண்டிய சரக்கு. கணக்குப்படி கிடைக்க வேண்டியது 18 கிராம், 12 கிராம் கையில் வந்தாலே திருப்திப்படலாம். ஆல்கஹாலுக்கு அலைய வேண்டியதில்லை. பாலில் கொழுப்புப் பார்க்கும் கெர்பர் சோதனைக்காகப் பால் பண்ணைகளுக்கு விற்கிறார்களே, அதே அமைல் ஆல்கஹால் போதும். அதில் 2-மெத்தில்பியூட்டனாலும் கலந்திருக்கும். அதன் அசிட்டேட்டும் பழ வாசனைதான், வாழையிலிருந்து சற்று ஆப்பிள் பக்கம் சாயும்.

இன்னொன்று. தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களை உசுப்பிவிடும் அபாயச் சமிக்ஞையில் முதன்மையான பொருள் இதே ஐசோஅமைல் அசிட்டேட். 1962-இல் கண்டுபிடித்தார்கள். உன் தோட்டத்துத் தேன்பெட்டிப் பக்கம் இதைத் திறக்காதே, கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு பெட்டியருகே போ.

நூற்றுக்கு இரண்டு மூன்று ஆல்கஹால் இருந்தால் வெப்பமானி அதைச் சொல்லாது. முதல் முகர்விலேயே மூக்கு சொல்லிவிடும். அதனால்தான் ஒரு பொருள் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லும் முன் அதைச் சுத்தமாக முகர்ந்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறேன். நாம் சுமந்து திரியும் பிடித்தம், பிடிக்காமை பலவும் அந்தப் பொருளுடையவை அல்ல, கூட வந்த அழுக்கினுடையவை.

கிராம்பையே பார். பொடித்த கிராம்பு 25 கிராம், தண்ணீர் 200 மி.லி. சேர்த்துக் காய்ச்சி, கலங்கலாக வரும் வடிநீரை 100 மி.லி. பிடி. குடுவையில் தண்ணீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இரு, இல்லாவிட்டால் தூள் அடிப்பிடித்துக் கருகல் வாசனை எல்லாவற்றிலும் ஏறிவிடும். வடிநீரை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் மூன்று தடவை எடுத்து, அதை 5 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு குலுக்கினால் கிராம்பெண்ணெயின் முதன்மைப் பொருளான யூஜினால், இலேசான அமிலத் தன்மையுள்ள ஃபீனால் வகை என்பதால் காரத்துக்குள் போய்விடும். எண்ணெயின் இன்னொரு பொருளான காரியோஃபிலீன் கரைப்பானிலேயே தங்கும். காரக் கரைசலை வெகுநேரம் வைக்காதே, காற்றுப் பட்டுப் பழுப்பாகும். உடனே ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு லிட்மஸ் நன்றாகச் சிவக்கும்வரை கொண்டுபோய், திரும்பக் கரைப்பானில் எடுத்து உலர்த்தி, கரைப்பானைப் போக்கு. நல்ல கிராம்பில் இரண்டு மூன்று கிராம் தேறும்.

இப்போது இரண்டையும் தனித்தனித் தாளில் முகர்ந்து பார். காரியோஃபிலீன் மிளகும் மரமும் போல. யூஜினாலோ பல் மருத்துவமனை, கிராம்பே இல்லை! துத்தநாக ஆக்சைடோடு யூஜினாலைக் குழைத்துத்தான் பல் குழியில் தற்காலிகமாக அடைக்கிறார்கள். சமையலறைக் கிராம்பு மணம் என்பது இவை இரண்டும், யூஜினைல் அசிட்டேட்டும், பழவாசமுள்ள 2-ஹெப்டனோன் போன்ற இம்மியளவுப் பொருள்களும் சேர்ந்தது.

எனக்கு முதலிடம் எது என்று கேட்டாயே: புதிதாக வடித்த பென்சால்டிஹைடு. அதன் கசப்பு பாதாம் மணத்தில் ஒரு கூர்மை இருக்கிறது, பழைய புட்டியில் அது மழுங்கிப்போகும். மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் ஒட்டியிருந்தால் அது பென்சாயிக் அமிலம். காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத் தானாகவே மாறுகிறது, வெளிச்சமும் இரும்புக் கறையும் அதை விரைவுபடுத்தும். 10 விழுக்காடு சோடியம் கார்பனேட் கரைசலோடு குமிழி நிற்கும்வரை குலுக்கி, தண்ணீரில் கழுவி, நீரற்ற மெக்னீசியம் சல்பேட்டில் உலர்த்தி வடி. சாதாரண அழுத்தத்தில் 179 டிகிரி. வெற்றிடப் பம்பு இருந்தால் அழுத்தம் குறைத்து வடிப்பதே நல்லது, 179 டிகிரிச் சூட்டில் காற்றோடு வினை இன்னும் வேகமாக நடக்கும். 0.1 விழுக்காடு ஹைட்ரோகுயினோன் போட்டு, கழுத்துவரை நிரம்பும் சின்னப் பழுப்புப் புட்டிகளில் பிரித்து வை. பெரிய புட்டியில் பாதி காலியாக வைத்தால் மேலே நிற்கும் காற்றே அதைத் தின்றுவிடும்.

இதே பாதாம் மணத்துக்குப் பக்கத்தில் நிற்கிற நைட்ரோபென்சீனை மட்டும் தொடாதே. ஒரு காலத்தில் மிர்பேன் எண்ணெய் என்ற பெயரில் சோப்புக்கு வாசனையாகப் போட்டார்கள். தோல் வழியாகவே உடம்பில் ஏறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். நீ பட்டியலில் சேர்த்திருந்த பென்சீனையும் குளோரோஃபார்மையும் அடித்துவிடு. அவற்றின் இனிப்பு வாசனையை நானும் மறுக்கவில்லை. ஆனால் பென்சீன் இரத்தப் புற்று தரும். மூக்குக்குப் பிடித்திருப்பது உடம்புக்கு ஆகும் என்பதற்கு அடையாளமே இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம்: பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தொட்டதும் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டதே என்று உள்ளே நிற்பவர்தான் விழுவார்.

இண்டோல் உனக்கு நாற்றமாகத்தான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். படிகத்தையே முகர்ந்திருப்பாய். அது அந்துருண்டையும் மலமும் கலந்த வாடைதான். டைபுரோப்பிலீன் கிளைக்காலில் கரை. அகர்பத்திக்காரர்கள் வாசனை கரைக்க வாங்கும் டைஎத்தில் ஃப்தாலேட்டும் ஆகும், இரண்டுக்கும் வாசனை கிடையாது என்றே சொல்லலாம். 0.1 கிராம் இண்டோலை 9.9 கிராமில் கரைத்தால் 1 விழுக்காடு. அதில் ஒரு கிராமை இன்னும் 9 கிராமோடு சேர்த்தால் 0.1 விழுக்காடு. அங்கே மல்லிகை தலைகாட்டும், 0.01-இல் இன்னும் தெளியும். சொட்டுக் கணக்கு வேண்டாம், தராசில் எடையாகவே போடு, சொட்டின் அளவு ஒவ்வொரு பொருளுக்கும் மாறும். கரைசல் ஒளிபட்டுச் சிவக்கும், பழுப்புப் புட்டியில் வை.

முகரும் விதமும் முக்கியம். வடிதாளை ஒரு செ.மீ. அகலம், 12 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுது, மையின் வாசனை கலக்கும். நுனியில் அரை செ.மீ. மட்டும் நனை. பத்து விநாடி ஆட்டிவிட்டு, மூக்கில் ஒட்டாமல் முகர். பிறகு பத்து நிமிடம் கழித்து, ஒரு மணி கழித்து, மறுநாள் என்று பார். எஸ்டர் முதல் பத்து நிமிடத்திலேயே ஓடிப்போகும், வனிலா மணம் தரும் வனிலின் அப்போதுதான் எழும். அதன் ஆவியழுத்தம் அவ்வளவு குறைவு. மூக்கு களைத்தால் வெளியே போய்க் காற்று வாங்கு, அல்லது உன் சட்டைக் கையை முகர். காப்பிக்கொட்டை முகர்வது அதைவிட ஒன்றும் கூடுதலாகச் செய்வதில்லை.

பீட்டா-அயனோனில் உனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பதில் உன் கைப்பிசகு இல்லை. ஓ.ஆர்.5ஏ1 என்ற வாசனை ஏற்பியின் மரபணுவில் வரும் வித்தியாசத்தால் சிலருக்கு அது வயலட் பூவாகவும், சிலருக்குப் புளித்த வாடையாகவும் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. நீ அதைச் சுத்தம் பார்க்க உன் வீட்டில் வேறொருவர் மூக்கைத்தான் கேட்க வேண்டும்.

மெத்தில் சாலிசிலேட்டை நாமே செய்யலாமா என்றாயே, வேண்டாம். அதற்கு மெத்தனால் வேண்டும், மெத்தனாலைத் தமிழ்நாட்டில் வைத்திருக்க உரிமம் வேண்டும். நீலகிரியில் விளையும் கோல்தீரியா செடியின் வின்டர்கிரீன் எண்ணெயே ஏறக்குறைய முழுக்க இந்த எஸ்டர்தான், ஊட்டி தைலக் கடைகளில் கிடைக்கும். தண்ணீரில் இது கீழே இறங்கும் எண்ணெய், பிரிபுனலில் கழுவும்போது மேல் அடுக்கு எண்ணெய் என்று நினைத்துக் கீழ் அடுக்கைக் கொட்டிவிடாதே. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வை. ஒரு தேக்கரண்டி, 5 மி.லி., இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் சமம்.

அடுத்து நாம் சேர்ந்து பார்க்க வேண்டியது கார்வோன். புதினாவில் அதன் இடக்கை வடிவம், சீமைச் சோம்பிலும் சதகுப்பை விதையிலும் வலக்கை வடிவம். அணுக்களின் கோர்ப்பு ஒன்றே, கொதிநிலை ஒன்றே, கண்ணாடிப் பிம்பம் மட்டும்தான் வேறு. வாசனை வேறுபாடு உண்மையா, அழுக்கால் வருகிறதா என்ற சந்தேகம் வெகுகாலம் இருந்தது. மிகச் சுத்தமாகப் பிரித்த இரண்டு வடிவங்களையும் வைத்து 1971-இல் வெளிவந்த ஆய்வுகள் வேறுபாடு மூலக்கூறுக்கே உரியது என்று காட்டின. புதினாப் பக்கத்தை நான் நீராவியில் வடித்து அனுப்புகிறேன். நீ சதகுப்பையை எடுத்துக்கொள். நம் ஊர்ச் சதகுப்பையில் கார்வோன் குறைவு, டில்லபியோல் அதிகம். அது கொதிநிலையில் வெகு மேலே நிற்பதால் விக்ரோ குழாயால் பிரிந்துவிடும். ஐரோப்பிய டில் விதை கிடைத்தால் இன்னும் நல்லது. கார்வோனின் கொதிநிலையான 231 டிகிரியை ஒட்டி வருவதை மட்டும் பிடித்து, எத்தனை மி.லி. தேறியது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்