உப்புப் பூத்த பனியன்

பண்ணைக்காடு,
செவ்வாய் இரவு

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் இரண்டு தடவையாவது படிப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை 18 கிலோமீட்டர் ஓடிவிட்டு பெசன்ட் நகரிலிருந்து வீடியோவில் பேசினாயே, அப்போது உன் முகத்தைவிட உன் கறுப்பு பனியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தோரத்திலும் தோள்பட்டையிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வாழைத்தார் சுமந்துவிட்டு வரும் நாளில் அப்பாவின் காக்கிச் சட்டை முதுகில் அப்படித்தான் கோடு விழும். அவர் வந்தவுடனே சோற்று நீராகாரத்தில் கல்லுப்பைப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு செம்பு குடிப்பார். நீ என்ன செய்தாய்? வெறும் தண்ணீரை மூன்று லிட்டர் குடித்திருக்கிறாய். அப்படியும் சாயங்காலம் வரை தலைவலி, குமட்டல். தண்ணீர் போதாமல் வந்த தலைவலியாக எனக்குத் தெரியவில்லை, கண்ணு. உப்புப் போதாமல் வந்திருக்கும்.

ஒரு லிட்டர் வியர்வையோடு சராசரியாக ஒரு கிராம் சோடியம் போகிறது. சமையல் உப்பாகக் கணக்குப் பார்த்தால் அரை டீஸ்பூன். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். பனியனில் உப்புப் பூக்கிறவர்களுக்குக் கூடுதல். நீ குளிரில் வளர்ந்தவள். சென்னைப் புழுக்கத்துக்கு உடம்பு பழகும்வரை வியர்வையில் உப்பு அதிகமாகவே போகும். அந்த நிலைமையில் வெறும் தண்ணீரை மேலே மேலே ஊற்றினால் ரத்தத்தில் இருக்கிற உப்பும் நீர்த்துப்போகிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு இப்படிச் சோடியம் குறைந்திருந்தது. முற்றினால் பேச்சுக் குழறும், வலிப்பு வரும். அந்த மாதிரி ஏதாவது தெரிந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கு போன் பண்ணிக்கொண்டு நிற்காதே.

நீ ஒன்பதாவது படித்தபோது பங்குனி உத்திரத்துக்கு மலையிலிருந்து இறங்கிப் பழனிக்கு நடந்தோமே, நினைவிருக்கிறதா? அடிவாரத்துக்கு வந்ததும் வெயில் அடித்த அடியில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு வாந்தி எடுத்தாய். நீர்மோர்ப் பந்தலில் இருந்த ஒரு பாட்டி உப்புத் தூக்கலாகப் போட்டு மோர் கொடுத்தார். அடுத்த பந்தலில் வெல்லமும் சுக்கும் எலுமிச்சையும் கரைத்த பானகம். அரை மணி நேரத்தில் எழுந்து நடந்துவிட்டாய். நான் நர்ஸ் வேலையில் இருந்தவள், பையில் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட் இல்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தேனே என்று இன்றைக்கும் மனது குத்துகிறது.

பானகத்தில் வெல்லம் சும்மா ருசிக்கு இல்லை. குடலுக்குள் சோடியமும் சர்க்கரையும் ஜோடியாகத்தான் உள்ளே நுழைகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகிறது. 1971-இல் பங்களாதேஷ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது திலீப் மகாலனாபிஸ் என்ற டாக்டர் இதை வைத்துத்தான் சாவைச் சுமார் 30 சதவீதத்திலிருந்து 4-க்கும் கீழே கொண்டுவந்தார். உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீர், அவ்வளவுதான். இந்த மலையில் எத்தனையோ குடிசைகளில் அதே கரைசலை நானே ஸ்பூனால் புகட்டியிருக்கிறேன். அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதம்.

இனி நீ செய்ய வேண்டியது. ஓடப் போகும் முன்னும் வந்த பின்னும் ஈரத் துணியைக் கழற்றிவிட்டு எடை பார். போன வாரம் 58 கிலோவாகப் போய் 56.6-ஆக வந்தேன் என்றாய். குறைந்த 1.4 கிலோ கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான். குடிப்பதில் கொஞ்சம் சிறுநீராகப் போய்விடும் என்பதால் ஒன்றரை மடங்காக, இரண்டு லிட்டர் போல, மூன்று நான்கு மணி நேரத்தில் சிறுகச் சிறுகக் குடி. ஒரே மூச்சில் வேண்டாம். முதல் லிட்டர் உப்புச் சேர்ந்ததாக இருக்கட்டும்: உப்புப் போட்ட மோர், உப்புச் சேர்த்த பானகம், இல்லையென்றால் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், பாதி பாதியாகப் போடாதே. ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்ட பழ ஜூஸ் டப்பா கண்ணில் பட்டால் வாங்காதே. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அந்தப் பெயரை அப்படிப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. குடித்தால் கூடவே உப்புப் போட்ட எதையாவது சாப்பிடு.

நீ 2,800 ரூபாய் கொடுத்து வாங்கிய புரதப் பொடி டின்னின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாயே, கண்ணாடி போட்டுப் படித்தேன். ஒரு கரண்டியில் புரதம் 24 கிராம், சோடியம் 60 மில்லிகிராம். தசைக்கு அது உதவும், கெடுதல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் பனியனில் பூத்தது அந்த டின்னில் இல்லை. புரதத்துக்கு இரண்டு தம்ளர் பாலும் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் போதும், 20 கிராம் பக்கம் வந்துவிடும். கூட இரண்டு மலைவாழைப்பழம் சேர்த்தால் ஓட்டத்தில் தீர்ந்த சர்க்கரை தசைக்குத் திரும்பும். மறுநாளே மறுபடி ஓடுகிறாய் என்றால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடு. இரண்டு நாள் ஓய்வு என்றால் அவசரமே இல்லை, வழக்கமான சாப்பாடு பார்த்துக்கொள்ளும். ஓடி முடித்த பிறகு உன் கூட்டாளிகள் பீர் குடிப்பார்கள் என்றாயே, அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. உடம்பில் தங்க வேண்டிய தண்ணீரை அது வெளியே தள்ளும்.

காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்கிற விருப்பாச்சி வாழையில் அப்பா ஒரு தார் வெட்டி வைத்திருக்கிறார். நாளைக்கு வத்தலக்குண்டு போய் சென்னை பஸ்ஸில் இரண்டு சீப்பு போட்டுவிடுவார். காயாகத்தான் வரும், ஃபிரிட்ஜில் வைத்துவிடாதே, சாக்கில் சுற்றி வை, சனிக்கிழமைக்குள் தோல் மஞ்சளாகிவிடும். ஞாயிறு ஓடி வந்ததும் போன எடை, வந்த எடை இரண்டையும் எனக்கு அனுப்பு.

அம்மா