அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்

மாவட்டப் பள்ளிகளின் கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த கல்வியாண்டுக்குள் எல்லா வகுப்பறைகளுக்கும் தொடுதிரைகளும் மாணவர்களுக்கு மடிக்கணினிகளும் வாங்கப்போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை. கருவிகள் மீது எனக்குப் பகை கிடையாது. செல் பிரிவதை முதன்முதலாக அசையும் படமாகக் காட்டிய அன்று, கடைசி வரிசையிலிருந்து தானாக எழுந்து வந்து திரையருகே நின்ற பையனை இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் திரை இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

என் வகுப்பறையின் பின்பக்கம் ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. விளக்கு எரிந்துபோன புரொஜெக்டர் ஒன்று, பேனா தொலைந்ததால் முடங்கிப்போன மின்பலகையின் பெட்டி, எதற்கென்று யாருக்கும் தெரியாத பதினாறு கம்பிகள், பேட்டரி உப்பிய நான்கு டேப்லெட்டுகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. உப்பிய பேட்டரியைப் பூட்டி வைப்பது ஆபத்து என்று மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவற்றை எடுத்துச் செல்வது எந்தப் பிரிவின் பொறுப்பு என்பது இன்னும் முடிவாகவில்லையாம்.

இவற்றில் எதுவுமே மட்டமான பொருள் அல்ல. செயல்விளக்கம் நடந்த நாளில் எல்லாமே அழகாக இயங்கின. சிக்கலே அந்தச் செயல்விளக்கத்தில்தான் இருக்கிறது. திரைச்சீலை போட்ட அரங்கு, ஒரே ஒரு கருவி, தடையற்ற இணையம், நூறு முறை ஒத்திகை பார்த்த விற்பனைப் பிரதிநிதி. நீங்கள் கைதட்டினீர்கள். நானும் ஒருமுறை தட்டியிருக்கிறேன்.

என் அறையில் பிற்பகல் வெயில் நேராகத் திரையில் விழும். முப்பத்தெட்டுப் பேர் ஒரே நேரத்தில் இணையத்தில் நுழைவார்கள். மூவருக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும். மின்னேற்றும் வண்டியில் முப்பது இடங்கள்தான் என்பதால் எட்டுக் கருவிகள் பாதி உயிரோடு வரும். சரியாக அந்த நேரம் பார்த்து ஏதாவது ஒரு மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கும். எல்லாரும் ஒரே பக்கத்துக்கு வந்துசேரப் பத்து நிமிடம் ஆகிறது. பாடவேளையோ நாற்பத்தைந்து நிமிடம். விலைப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியலில் இந்தப் பத்து நிமிடத்துக்கு எந்தப் பத்தியில் இடம் தந்திருக்கிறீர்கள்?

இது நம் மாவட்டத்தின் தனி நோய் அல்ல. 2013இல் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஐபேட் தரும் திட்டத்தைத் தொடங்கியது. கருவிகள் கைக்கு வந்த சில நாட்களிலேயே சுமார் 300 மாணவர்கள் பாதுகாப்புத் தடுப்பை நீக்கிவிட்டார்கள். பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். பூட்டைக் கண்டால் திறந்து பார்க்கும் வயது அது. ஆனால் கருவியோடு சேர்த்து வாங்கிய பாட உள்ளடக்கம் அப்போது முழுமையாகத் தயாராகவே இல்லை. கொள்முதல் நடந்த விதம் பற்றிக் கேள்விகள் எழுந்து, 2014இல் ஒப்பந்தமே நிறுத்தப்பட்டது. பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினி கொடுத்துவிட்டு, 319 பள்ளிகளில் ஆய்வு செய்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவின்படி, கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பெட்டி போய்ச் சேர்ந்தது, பாடம் போய்ச் சேரவில்லை.

யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையில் ஓர் எண் என்னை உறுத்தியது. அமெரிக்காவின் 17 மாநிலங்களில் ஆசிரியர்களையும் நிர்வாகிகளையும் கேட்டபோது, ஒரு கருவியை ஏற்கும் முன் துறை வல்லுநர்கள் சரிபார்த்த ஆய்வுச் சான்றைக் கேட்டவர்கள் 11 விழுக்காட்டினர் மட்டுமே. வாங்குபவர் கேட்காததை விற்பவர் எதற்காகக் கொண்டுவரப் போகிறார்?

இனி டெண்டர் விவகாரம். குறைந்த விலைக்கே முன்னுரிமை என்ற விதியை உங்களால் மாற்ற முடியாமல் இருக்கலாம். எதன் விலை என்பதை நீங்கள்தானே எழுதுகிறீர்கள்? லித்தியம் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முறை முழுதாக மின்னேற்றியதும் தளரத் தொடங்கும். பள்ளி ஏறத்தாழ 200 நாள் நடக்கிறது. தினமும் முழுதாகத் தீர்ந்து ஏறினால் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ அது தள்ளாடும். உத்தரவாதம் பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும். பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளை நிபந்தனையாக வையுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. கருவி உடையாமல் இருந்தாலும் அதன் மென்பொருளுக்கு ஒரு காலாவதி நாள் உண்டு. கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினிகளான குரோம்புக்குகளுக்குப் பத்து ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக 2023இல் கூகுள் அறிவித்தது நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பத்து ஆண்டு, கருவியின் அடிப்படை வன்பொருள் வடிவமைப்பு முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் வரும் பழைய மாடலுக்கு அதில் கணிசமான பகுதி கிடங்கிலேயே கரைந்திருக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் அடுத்த பதிப்புக்குத் தகுதியற்றவையாகிவிட்டன. காலாவதி நாளை டெண்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

பயிற்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதையாக, ஒவ்வொரு முறையும் கருவிக்கு முழுத் தொகை, ஆசிரியர்களுக்கு ஒரு சனிக்கிழமை. மாணவர்களின் பெயரும் மதிப்பெண்ணும் எந்த நிறுவனத்தின் சேமிப்பகத்தில் இருக்கும், ஒப்பந்தம் முடிந்ததும் அழிக்கப்படுமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பின்னால் கேட்டால் பதில் வராது.

நான் கேட்பது ஒன்றுதான். இறுதிப் பட்டியலில் உள்ள கருவிகளை அரங்கில் பார்க்காதீர்கள். மாவட்டத்திலேயே இணையம் தவழும் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, ஒரு பருவம் முழுக்க அங்கே விடுங்கள். பிரதிநிதி உடன் இருக்கக்கூடாது. பழுதானால் யார் வந்தார்கள், எத்தனை நாளில் வந்தார்கள் என்று அந்த ஆசிரியரே குறித்து வைக்கட்டும். அந்தக் குறிப்பேட்டுக்கும் மதிப்பீட்டில் மதிப்பெண் கொடுங்கள். ஒரு பருவம் தாமதமாகும் என்பது உண்மைதான். நிதியாண்டு முடிவதற்குள் தொகையைச் செலவழித்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் எனக்குத் தெரியும். என் அலமாரியில் உள்ள பாதிப் பொருள்கள் அப்படி ஆண்டுக் கடைசியில் வந்து சேர்ந்தவைதான்.

சோதனைக்குப் பள்ளி கிடைக்கவில்லை என்றால் என் அறை இருக்கிறது. மூன்றாம் மாடி, மேற்குக் கோடி, உணவு இடைவேளைக்குப் பிந்தைய முதல் பாடவேளை. அலமாரியில் ஒரு தட்டை ஒழித்து வைத்துவிடுகிறேன், பயன்படாமல் போனால் வைப்பதற்கு.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்தின் ஓர் அறிவியல் ஆசிரியை